கதியாலும் பனையும்

கிளிநொச்சி,
மாசி மாதம்.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே காலபோக அறுவடை முடிந்தது; நெல் இன்னும் முற்றத்தில் காய்கிறது.

உன் மகளை வேலைத்தலத்தில் 'ரெசிலியண்ட்' என்று புகழ்ந்தார்களாம். அதற்குத் தமிழ் கேட்டிருக்கிறாய். போன மாதம் நானும் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினேன். ஒரு தொண்டு நிறுவனக் கூட்டத்தில் மொழிபெயர்க்க அழைத்திருந்தார்கள். வந்தவர் வன்னிப் பெண்கள் எல்லோரையும் 'ரெசிலியண்ட்' என்றார். 'மனவுறுதி மிக்கவர்கள்' என்று சொல்லிக் கடந்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாவின் முகம் அசையவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சொல்லின் வேர் லத்தீன். திரும்பத் துள்ளுவது என்று பொருள். அமுக்கிய ஸ்பிரிங் பழைய நீளத்துக்கு வருமே, அதுதான். 1973இல் ஹாலிங் என்ற கனேடியச் சூழலியலாளர் அதை இயற்கைக்குப் பொருத்தினார். அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு ஒரு காடு காடாகவே நீடிக்குமா என்று பார்த்தார். அன்றாட ஆங்கிலத்தில், பரீட்சையில் தவறியும் மறுபடி எழுதுகிற பிள்ளைக்கும் இதையே சொல்கிறார்கள். உன் மகளுக்கு 'விழுந்தாலும் எழும்பிவிடுகிறவள்' என்பது நன்றாகப் பொருந்தும்.

நாங்கள் 2010இல் வளவுக்குத் திரும்பியபோது வேலிக்குக் கிளுவைக் கதியால் வெட்டி நட்டோம். காய்ந்த தடி போலத்தான் இருந்தது. ஒரு மழை பெய்ததும் பட்டையைக் கிழித்துக்கொண்டு பச்சை முளை வந்தது. அந்தச் சொல் அதற்குத் தகும். அதே வளவில் ஷெல் பட்டு வட்டு அறுந்த பனை ஒன்றும் நின்றது. பனைக்குக் குருத்து ஒன்றுதான்; அது போனால் பக்கத்தில் வேறு துளிர்க்காது. நின்றபடியே உக்கியது. பொந்தில் கிளிகள் குஞ்சு பொரித்தன.

அந்த அம்மாவின் மகன் இன்னும் திரும்பி வரவில்லை. அவர் விடியுமுன் எழும்பி மாடு கறக்கிறார், பால் கொடுத்துவிட்டு வந்து மகனின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறார். பழைய நீளத்துக்கு வந்தவர் அல்லர் அவர். தாங்குவார்கள் என்று புகழ்ந்துவிட்டால், இன்னும் ஏற்றலாம் என்றாகிவிடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பங்குனியில் மறுபடி கூட்டம். அந்தச் சொல் வந்தால் நிறுத்தி, எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று கேட்கப்போகிறேன். உன் மகளிடமும் கேள், அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று. பேத்தியின் படம் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்