அருளாளர் ஜேம்ஸ் மில்லர்: கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் லசால் சபைச் (பள்ளிகள் நடத்தும் கத்தோலிக்கத் துறவற சபை) சகோதரர் அருளாளர் ஜேம்ஸ் மில்லர் பற்றிய கட்டுரை படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்ததே சந்தோஷம்தான். ஆனால் படித்து முடித்தால், எந்நேரமும் கைகூப்பி ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு சாதுவை உள்நாட்டுக் கலவரத்தில் யாரோ சுட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

ஆள் அப்படிப்பட்டவர் இல்லை. 1944-ல் விஸ்கான்சினில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் கிரெட்டின் பள்ளியில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார், அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியும் கொடுத்தார், பள்ளியில் எது பழுதானாலும் கருவிகளோடு அவரே போய் நின்றதால் 'ரிப்பேர் பிரதர்' என்கிற அர்த்தத்தில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

அப்புறம் நிகராகுவா. அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். புவர்த்தோ கபேசாசில் 300 மாணவர்கள் இருந்த பள்ளியை 800 பேர் படிக்கும் அளவுக்கு வளர்த்தார், கிராமப்புறப் பள்ளிகள் கட்டும் வேலையையும் மேற்பார்த்தார். இதற்காக சர்வாதிகாரி சொமோசாவின் அரசோடு சேர்ந்து வேலை செய்தார் என்பதும் உண்மை. அதனாலேயே சொமோசாவை எதிர்த்துப் போராடிய சாந்தினிஸ்தா புரட்சியாளர்களுக்கு அவர்மீது சந்தேகம், 1979-ல் சபைத் தலைமை அவரை ஊருக்குத் திரும்பச் சொன்னது. இதை மறைப்பானேன்? பீடத்தில் வைத்த பிறகு சங்கடமான பக்கத்தைக் கிழித்துவிடுவது நம் ஆட்களுக்குப் பழகிப்போய்விட்டது.

குவாத்தமாலாவுக்கு 1981 ஜனவரியில் போனார். உவேவெதெனாங்கோ ஊரில் சபை நடத்திய 'காசா இந்திஹெனா' என்ற விடுதியில் மலைக்கிராமங்களிலிருந்து வந்த மாயா பழங்குடி இனப் பையன்கள் தங்கிப் படித்தார்கள், விவசாயமும் கற்றார்கள். அந்தப் பையன்களைத் தெருவில் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டாளத்தில் சேர்ப்பது அங்கே சர்வசாதாரணம். மாணவர்களுக்குச் சட்டப்படி விலக்கு உண்டு. அப்படி ராணுவம் பிடித்துப்போன விடுதி மாணவன் ஒருவனை விடுவிக்கச் சகோதரர்கள் போராடிக்கொண்டிருந்த நாட்களில்தான் இந்தக் கொலை நடந்தது. 1982 பிப்ரவரி 13, சனிக்கிழமை. விடுதிச் சுவரைச் சரிசெய்ய ஏணியில் நின்றவரை முகமூடி போட்ட மூன்று பேர் சுட்டுவிட்டுப் போனார்கள். யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

இதைக் 'கலவரத்தில் பலி' என்று எழுதினால் எப்படி? ஏழு மாதத்துக்கு முன் அதே நாட்டில் பணிசெய்த அமெரிக்கக் குரு அருட்தந்தை ஸ்டான்லி ராதரைக் கொன்றிருந்தார்கள், ஆபத்து தெரிந்துதான் மில்லர் அங்கே இருந்தார். சுட்டவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களாகவே இருந்திருக்கலாம், பிறகு எப்படி அவர் மறைசாட்சி, அதாவது விசுவாசத்தின்மீதான வெறுப்பால் கொல்லப்பட்டவர், ஆவார் என்று என் பங்கிலேயே சிலர் கேட்கிறார்கள். மாயா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததுதான் அவருடைய விசுவாச வாழ்க்கை, அதைப் பொறுக்காமல்தான் சுட்டார்கள் என்பது என் எண்ணம். 2019 டிசம்பர் 7 அன்று அவருக்கு முக்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, 'அருளாளர்' என்று அழைப்பது இதனால்தான்) கொடுத்ததும் அதே உவேவெதெனாங்கோவில்தான். இதுவும் உங்கள் கட்டுரையில் இல்லை.

அடுத்த பிப்ரவரியில் அவருடைய நினைவுநாளை ஒட்டி மறுபடி எழுதுவதாக இருந்தால், அந்த விடுதிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். ஸ்டான்லி ராதரைப் பற்றியும் தனியாக ஒரு கட்டுரை வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்