பயணிகள் கப்பலுக்கு ஒரு வேலை கொடுங்கள்

நாங்கள் ஆடும் விண்வெளி கேமின் வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போன அப்டேட்டில் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. சரக்குக் கப்பலிலும் பயணிகள் கேபின் பூட்டலாம் என்றீர்கள். அதற்குச் சுதந்திரம் என்று பெயரும் வைத்தீர்கள். பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் இருந்து ஆடும் எங்கள் குழுவில் பாதிப் பேர் மாதக்கணக்கில் கேம் பணமான கிரெடிட் சேர்த்துப் பயணிகள் கப்பல் வாங்கியவர்கள். இன்று அந்தக் கப்பல்கள் நிலையத்தில் சும்மா நிற்கின்றன.

பயணிகள் கப்பலில் கண்ணாடி பெரிது, ஷீல்ட் மெலிது. கொள்ளையன் வழிமறித்து முதல் குண்டு பட்டதும் திரையோரத்தில் பயணியின் திருப்திக் கோடு மஞ்சளாகிறது. அடுத்த குண்டில் சிவப்பு. அதற்கப்புறம் நாங்கள் தப்பி ஓடியும் பயனில்லை. பயணியாக வந்த பிரமுகர் உயிர்காப்புக் கலத்தில் ஏறிப் போய்விடுகிறார், கூலியும் அவரோடு போய்விடுகிறது. அதே பாதையில் சரக்குக் கப்பல்காரர் தாது ஏற்றும் கிடங்கில் அடுக்குப் படுக்கை போட்டு, எங்களைவிடப் பல மடங்கு ஆட்களை அள்ளிக்கொண்டு, அதே குண்டுகளை வாங்கியபடி அலட்டாமல் போகிறார். அவருடைய பயணிகள் முகம்கூடச் சுளிப்பதில்லை. மலிவுக் கேபினுக்குத் திருப்திக் கோடே நீங்கள் வைக்கவில்லையே!

ஆகவே கேட்கிறோம்: பயணிகள் கப்பல் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்றைக் கொடுங்கள்.

இது நடக்காத காரியமல்ல. எலைட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி கேமில் 2016இல் பயணிகள் வந்தபோது, எகானமி கேபினைப் பைத்தான், அனகோண்டா போன்ற பல கப்பல்களில் பூட்ட விட்டார்கள். ஆறாம் அளவு எகானமி கேபினில் 32 பேர். அதே அளவு சொகுசு கேபினில் 8 பேர்தான். ஆனால் அதை அந்த கேமில் வரும் சாட் குரூகர் நிறுவனத்தின் ஓர்க்கா, பெலூகா போன்ற பயணிகள் கப்பல்களில் மட்டுமே பூட்ட விட்டார்கள். கூட்டம் ஏற்றுபவர் கூட்டம் ஏற்றட்டும், சொகுசு கேட்பவர் இங்கே வரட்டும். அங்கேயும் குறைகள் உண்டு, ஆனால் பெலூகா வாங்கியவருக்கு அதை வாங்க ஒரு காரணம் இருந்தது.

பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடிய எங்கள் ஊர்ப் பழைய ஃபெர்ரி காரையும் ஆளையும் சேர்த்துத்தானே ஏற்றியது என்று குழுவிலேயே ஒருவர் மடக்கினார். ஏற்றியது. அந்த ஃபெர்ரிகளில் கார் ஏற்றுவது 2020 கடைசியோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகளில் ஆட்களும் இருசக்கர வாகனங்களும்தான். கார் பாலத்தில் போகிறது.

உங்களுக்குப் பயணிகள் கப்பல் ஞாபகம் வருவதெல்லாம் பெயின்ட் விற்கும்போதுதான். தங்க நிறம், முத்து நிறம், எல்லாவற்றுக்கும் ரிங்கிட்டில் விலை போடத் தெரிகிறது. ஓடாத கப்பலுக்குத் தங்கம் பூசி யாரிடம் காட்டுவது?

கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சரக்குக் கப்பலை நெர்ஃப் செய்து பலவீனமாக்கச் சொல்லவில்லை. பிரமுகர் பயணங்களைப் பயணிகள் கப்பலுக்கு ஒதுக்குங்கள். அல்லது தாதுக் கிடங்கில் படுத்து வருபவருக்கும் ஒரு திருப்திக் கோடு வையுங்கள். இரண்டில் ஒன்று போதும். சோதனை சர்வரில் ஆடிப் பார்க்க ஆள் வேண்டுமானால் நாங்கள் வருகிறோம். பராமரிப்பு நேரத்தை மட்டும் மலேசிய நேரம் இரவு ஒன்பது மணிக்கு வைக்காமல் இருந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பினாங்கிலிருந்து ஒரு பயணிகள் கப்பல் பைலட்