மழையை மட்டும் குறை சொன்னால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

இமயமலைக் கிராமங்கள் சேற்றில் புதைவது குறித்துத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில், உத்தரகாசி மாவட்டத்தின் தராலி கிராமம் அழிந்ததற்குக் 'கனமழை' என்று ஒரே காரணத்தைச் சொல்லிக் கட்டுரை முடிந்துவிட்டது. நிலத்தின் அமைப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய மனக்குறை.

மெல்ல நகரும் பனிக்கட்டித் திரளான பனியாறு குடைந்த மலைகளில், உச்சியை ஒட்டிய பள்ளங்களின் ஓரமெல்லாம் பனி அரைத்துத் தள்ளிய கல்லும் மண்ணும் கெட்டிப்படாமல் கிடக்கும். பனி உருகிப் பின்வாங்கியதும் அந்தக் குவியலைத் தாங்க எதுவும் இருக்காது. பள்ளத்தின் தரை சமமாக இருந்தால் சரிந்தது அங்கேயே தங்கிவிடும். செங்குத்தான ஓடை ஒன்று அதிலிருந்து நேரே இறங்கினால் தங்காது. கரைகளையும் அரித்துச் சேர்த்துக்கொண்டு பருத்துவரும். அதனால்தான் பரப்பில் சிறியதும் உயரத்தில் பெரியதுமான ஓடைகளுக்கு அதிகம் பயப்பட வேண்டும். ஓடை பள்ளத்தாக்கைத் தொடும் இடத்தில் சரிவு குறைய, சுமை இறங்குகிறது. இப்படிக் காலங்காலமாக இறங்கிய சுமைதான் அங்கே விசிறியாக விரிந்து கிடக்கும் நிலம். ஓரளவு சமமான தரை, பக்கத்திலேயே தண்ணீர். மலையில் வீடு கட்ட வேறு எங்கே போவார்கள்? கீர் ஓடை பாகீரதியில் சேரும் அத்தகைய விசிறியின் மேல்தான் தராலி இருந்தது.

மழையே இல்லாமலும் இது நடக்கும். 2021 பிப்ரவரி 7ஆம் தேதி அதே மாநிலத்தின் சமோலியில், ரோந்தி சிகரத்திலிருந்து சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழே விழுந்தன. விழுந்த வேகத்தின் உராய்வில் பனி உருகியது. அந்தத் தண்ணீரே சேற்றை ரிஷிகங்கை ஆற்றின் வழியே ஓட வைத்தது. மாண்டவர்களும் காணாமல் போனவர்களுமாக 200 பேருக்கு மேல்.

பனி இல்லாத நாட்டுக்கு இது எதற்கு என்று வாசகர்கள் நினைக்கக் கூடாது. நம் மலேசியாவின் கினபாலு மலையின் உச்சியே ஒரு காலத்தில் பனியாறு வழித்த பாறைதான். 2015 ஜூன் நிலநடுக்கத்தில் அங்கே தளர்ந்த கல்லும் மண்ணும், பிறகு பெய்த மழையில் சேறும் மரமுமாக ஆறுகளில் இறங்கின. பேராக்கில் 1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி போஸ் டிப்பாங் பூர்வகுடிக் குடியிருப்பில் சேற்று வெள்ளம் புகுந்து 44 உயிர்கள் போனது பனியாலா?

நாங்கள் பீடோங்கில் குனோங் ஜெராயைப் பார்த்துக்கொண்டே வாழ்பவர்கள். 1,217 மீட்டர் மலை, கடலோரச் சமவெளியிலிருந்து சட்டென்று எழும்புகிறது. ஓடைகளெல்லாம் குட்டை, செங்குத்து. 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாயும் வெள்ளம், வந்தபின் மலையடியில் உள்ள யான் பக்கம் போய்ப் பார்த்தேன். பட்டை முழுக்க உரிந்த மரங்கள் பாலத்தடியில் செருகிக் கிடந்தன. ஒரு வீட்டின் முன்னறையில் சன்னல் மட்டம் வரை சேறு, அதற்குள் பாறைகள். அந்த வீடு நின்ற மண்ணிலேயே பழைய உருண்டைக் கற்கள் புதைந்திருந்தன.

அதே மலையடியில் இன்றும் ஓடை வாயிலில் தங்குமிடங்களும் கடைகளும் எழும்புகின்றன. அனுமதி தரும் முன் அந்த மண்ணைத் தோண்டிப் பார்த்தார்களா, மேலே எவ்வளவு கல் தளர்ந்து கிடக்கிறது என்று யாராவது ஏறிப் பார்த்தார்களா என்பதை மாவட்ட அதிகாரிகள் மக்களுக்குச் சொல்ல வேண்டும். தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீடோங், கெடா