எந்த எடிட்டர் என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நிரல் எழுத எந்த எடிட்டரை எடுத்துக்கொள்வது என்று கேட்ட உன் நீண்ட மின்னஞ்சலைப் படித்தேன். போனில் சொன்னால் பாதியில் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு வலைப்பக்கத்தை முழுதாக முடித்தபாடில்லை. அதற்குள் நாலைந்து எடிட்டர்களை நிறுவி, எல்லாவற்றுக்கும் கறுப்புத் தீம் தேடி, எழுத்துரு மாற்றி, யூடியூபில் யாரோ இரண்டு பேர் சண்டை போடுவதைக் கேட்டுக் குழம்பிப் போயிருக்கிறாய். சமைக்கத் தெரியாதவன் பாத்திரக் கடையில் பொழுதைக் கழிப்பது போலத்தான் இருக்கிறது.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்டின் இலவச எடிட்டரான விஎஸ் கோடை எடுத்துக்கொள். அடுத்த பொங்கல் வரை மாற்றாதே.

உன் குழுவில் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். வேலை கற்கிறவனுக்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். நீ முட்டிக்கொண்டு நிற்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து, எந்த விசையைத் தட்ட வேண்டும் என்று சொல்ல முடியும். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2024-இல் நடத்திய கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் விஎஸ் கோடைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஊரே வைத்திருப்பதால் அது உயர்ந்தது என்று ஆகிவிடாது. ஆனால் உனக்கு வரும் சந்தேகம் ஏற்கெனவே யாருக்கோ வந்திருக்கும், பதிலும் எங்கோ எழுதப்பட்டிருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு நிரல்மொழியையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பத்து எடிட்டர், இருபது மொழி என்றால் இருநூறு முறை அதே வேலை. 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோட்என்வி என்ற மூன்று மென்பொருள் நிறுவனங்களும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை அறிவித்தன. மொழியை அறிந்த நிரல், மொழி சர்வர் என்ற பெயரில் தனியாக ஓடும். எடிட்டர் அதனிடம் 'இந்தப் பெயர் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது, இந்த வரியில் என்ன பிழை' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். இருநூறு வேலை முப்பதாகக் குறைந்தது. இன்று நியோவிம், ஈமாக்ஸ், சப்லைம் டெக்ஸ்ட் என எந்த எடிட்டரில் இருந்தாலும் அதே மொழி சர்வரை இணைத்துக்கொள்ளலாம். அதனால் 'தப்பான எடிட்டரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்' என்ற உன் பயத்துக்கு இப்போது அவ்வளவு இடமில்லை. நான் நூற்பாலை அலுவலகத்தில் டர்போ சி-யின் நீலத் திரையில் எஃப்2 தட்டிச் சேமித்து, கன்ட்ரோல் எஃப்9 தட்டி ஓட்டிய காலத்தில் எடிட்டரும், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரும் பிரிக்க முடியாத ஒரே பெட்டி. நீயும் கல்லூரி ஆய்வகத்தில் அதே நீலத் திரையைத்தான் பார்த்துவிட்டு வந்தாய்!

எடிட்டருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களை மட்டும் கண்டபடி நிறுவாதே. அவை உன் கணினியில் உனக்குள்ள உரிமை முழுவதையும் கொண்டு ஓடுகிறவை. கடவுச்சொல் கோப்பைப் படிக்கவும் அவற்றால் முடியும். பிரபலமான பெயரைப் போலவே பெயர் வைத்த தீய எக்ஸ்டென்ஷன்கள் சந்தையில் பிடிபட்டு நீக்கப்பட்டிருக்கின்றன. வெளியிட்டவர் யார் என்று பார். அலுவலகக் குழு எவற்றை வைத்திருக்கிறதோ அவை போதும். எங்கிருந்தோ வந்த கோப்புறையைத் திறக்கும்போது 'இதை நம்புகிறாயா' என்று விஎஸ் கோட் கேட்கும். உடனே ஆம் என்று அழுத்துகிற பழக்கம் வேண்டாம்.

இனி நீ கேட்காத ஒன்று. நீ செய்யப்போகும் தளத்தில் தமிழும் கன்னடமும் வரும் என்றாய். அப்படியானால் எடிட்டரின் கீழ்ப்பட்டையில் வலது மூலையைப் பார்க்கக் கற்றுக்கொள். அங்கே எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை யூடிஎஃப்-8 என்றும், வரிமுடிவுக் குறி எல்எஃப் அல்லது சிஆர்எல்எஃப் என்றும், உள்தள்ளல் இடைவெளியா டேபா என்றும் சிறிய எழுத்தில் இருக்கும். தீமுக்கு நீ செலவழித்த நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

ஒரு கல்லூரியின் இணையதளத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று உள்நுழைவுப் பக்கம் படுத்துவிட்டது. பக்கத்துக்கு முன்னால் போக வேண்டிய தகவல்களான ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்று, சர்வரில் பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி புலம்பியது. ஒரு கோப்பின் முதல் வரியைக் கை காட்டியது. அந்த வரியை எத்தனை முறை பார்த்தாலும் குற்றம் தெரியவில்லை. துறைத்தலைவர் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்காக யாரோ அந்தக் கோப்பை ஓர் எளிய எடிட்டரில் திறந்து, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருந்தார். அது கோப்பின் தலையில், கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறியைச் சேர்த்துவிட்டது. பிஓஎம் என்பார்கள். பிஎச்பி அதைப் பக்கத்தின் உள்ளடக்கம் என்று எண்ணி முதலில் உலாவிக்கு அனுப்பிவிடும். உள்நுழைந்தவர் யார் என்று நினைவில் வைக்கும் குக்கீ, ஹெடரில்தான் போகும். உள்ளடக்கம் போன பிறகு அதை அனுப்ப வழியில்லை. நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து, பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தேன். தளம் எழுந்துகொண்டது. 2003-இல் வெளிவந்த அந்த இலவச எடிட்டர் மேல் எனக்கு இன்றும் தனி மரியாதை உண்டு. விண்டோஸில் ஒரு கோப்பைச் சட்டென்று திறந்து பார்க்க இப்போதும் அதைத்தான் தேடுகிறேன்.

தமிழ் எழுத்துகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார். மூன்று என்று வராது, ஐந்து என்று வரும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. கோப்பில் அதுவே 15 பைட். எடிட்டரில் கர்சர் 'மி'யை ஒரே தாவாகத் தாண்டினாலும், பேக்ஸ்பேஸ் தட்டினால் கொக்கி மட்டும் போய் 'ம' நிற்கலாம். பழுது என்று நினைத்துப் பதறாதே. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரைக்குள் ஓடும் எடிட்டர்களில் இன்னும் மோசம்: எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று எண்ணிக் கட்டம் போடுவதால் தமிழ் வரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். விஎஸ் கோட் உள்ளே ஓர் உலாவியின் மேல்தான் ஓடுகிறது. தமிழை உலாவி எப்படிக் காட்டுமோ ஏறக்குறைய அப்படியே காட்டும். உன் வேலைக்கு அதைச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

இப்படிச் சொன்ன கையோடு, டெர்மினலில் ஓடும் பழைய எடிட்டரான வி-யையும் கற்றுக்கொள் என்கிறேன். இன்று பெரும்பாலும் கிடைப்பது அதன் வளர்ந்த வடிவமான விம். முரண்படுகிறாள் அம்மா என்று சிரிக்காதே. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் கமிட் செய்தபோது திரை மாறி, எதை அடித்தாலும் கேட்காமல் நின்றது, கடைசியில் ஜன்னலையே மூடிவிட்டேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அது இதுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்ட ஒரே கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவை திறந்து பார்த்திருந்தார்கள். எஸ்கேப், முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமித்துவிட்டு வர வேண்டுமானால் க்யூவுக்கு முன்னால் ஒரு டபிள்யூ. அப்போது ஆச்சரியக்குறி வேண்டாம்.

அது ஏன் அப்படி விசித்திரமாக இருக்கிறது என்றால், பில் ஜாய் என்ற நிரலாளர் 1976 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வி-யை எழுதியபோது அவர் கையில் இருந்தது ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினல், அதாவது திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி. அதில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசை இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டிலிருந்து 300 பாட் மோடம் வழியாக வேலை செய்தார். நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட திரையை ஒருமுறை முழுதாக வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு தட்டலையும் கஞ்சத்தனமாகத்தானே செலவழிப்பார்? இன்று நம்மிடம் வேகம் இருக்கிறது, ஆனால் அந்தக் கஞ்சத்தனம் கைக்கு இதமாக இருக்கிறது. ஒரு பொத்தானின் வகுப்புப் பெயரை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள். மேற்கோளுக்குள் எங்கு வேண்டுமானாலும் கர்சரை வைத்து சி, ஐ, மேற்கோள்குறி என்று தட்டினால், உள்ளே இருப்பது மட்டும் காலியாகி எழுதத் தயாராக நிற்கும். புதிய பெயரை அடித்து எஸ்கேப் தட்டு. அடுத்த பொத்தானுக்குப் போய் ஒரு புள்ளி வைத்தால் அதே மாற்றம் அங்கேயும் நடந்துவிடும்.

தொலைவில் உள்ள லினக்ஸ் சர்வருக்குள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போனால் பெரும்பாலும் வி ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். விஎஸ் கோடிலிருந்தே தொலைவில் உள்ள சர்வருக்குப் போகும் வசதி உண்டு. ஆனால் அது அங்கே தனக்கொரு பாகத்தை நிறுவிக்கொண்டு நினைவகம் கேட்கும். ராத்திரி சர்வர் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது அதற்கு நீயும் பாரமாக வேண்டாம். விம்டியூட்டர் (vimtutor) என்று ஒரே சொல்லாக டெர்மினலில் அடி. அரைமணி நேரத்துப் பாடம். இப்போதைக்கு அதுவே போதும்.

விம்மை 1991-இல் வெளியிட்ட பிராம் மூலெனார் நெதர்லாந்துக்காரர், 2023 ஆகஸ்டில் காலமானார். வெறும் விம்மைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வரும். நிரலுக்கு விலை கேட்காமல் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று வைத்திருந்தார். காலையில் வேலையைத் தொடங்கும்போது அந்த வரி கண்ணில் படுவது எனக்குப் பிடிக்கும்.

ஈமாக்ஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆழமான கடல். கட்டற்ற மென்பொருளுக்காகப் போராடிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸுக்குள் ஆயுள் முழுவதும் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதத்துக்குப் போகாதே. உனக்கு இப்போது வேண்டாம்.

எதை எடுத்தாலும் மனதைக் கொடுத்துவிடாதே. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2014-இல் கொண்டுவந்த ஆட்டம் என்ற எடிட்டரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2018-இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதே நிறுவனத்திடம் விஎஸ் கோடும் இருந்தது. 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டமின் கதை முடிந்தது. வலைத்தளம் செய்பவர்களுக்காக அடோபி நடத்திய பிராக்கெட்ஸ் எடிட்டருக்கு 2021-இலேயே ஆதரவை நிறுத்திவிட்டார்கள். விஎஸ் கோடின் மூலநிரல், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள இடம் தரும் எம்ஐடி உரிமத்தில் திறந்திருக்கிறது. அதிலிருந்து விஎஸ்கோடியம் என்று தனியாகவும் உருவாக்கித் தருகிறார்கள். அதுவரை ஆறுதல். உள்தள்ளல், வரிமுடிவு போன்றவற்றை எடிட்டரின் அமைப்புகளுக்குள் புதைக்காமல், திட்டத்தோடு சேர்ந்து போகும்படி பல எடிட்டர்களும் படிக்கக்கூடிய ஓர் எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் எழுதி வை.

வரியை நீ முடிப்பதற்குள் தானே முடித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியைச் சில மாதங்களுக்கு அணைத்து வை. எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் உன் விரலில் ஏறட்டும். சுருக்கக் குறியை எச்டிஎம்எல்லாக விரிக்கும் எம்மெட் மட்டும் இருக்கலாம்: யூஎல், பெரிதுக்குறி, எல்ஐ, நட்சத்திரம், 5 என்று அடித்து டேப் தட்டினால் ஐந்து உறுப்புள்ள பட்டியல் விரியும். என்ன விரியும் என்று தெரிந்தே நீ அடிக்கிறாய், அதனால் அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடைசியாகப் பணம். சப்லைம் டெக்ஸ்ட் உரிமம் வாங்கட்டுமா என்று கேட்டாய். நல்ல எடிட்டர்தான், இறகு போல ஓடும், பணம் கொடுக்காமலும் எத்தனை நாள் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். 99 டாலரை இப்போது அதில் போடாதே. உன் மடிக்கணினியில் இருப்பது 4 ஜிபி நினைவகம். விஎஸ் கோட், குரோம் உலாவி, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node) மூன்றையும் திறந்தால் அது தள்ளாடும். நீ எடிட்டரைத்தான் திட்டுவாய். இன்னும் 8 ஜிபி போட இடமிருக்கிறதா என்று கடையில் திறந்து பார்க்கச் சொல், மாடல் எண்ணை எனக்கு அனுப்பு. பணத்தை அப்பாவிடம் சொல்லி நாளையே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா