பொம்மை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மூன்று நாள் பொம்மைக் கண்காட்சி முடிந்து மேசைகளையும் மடக்கி வைத்தாயிற்று. இடுப்பு வலி மட்டும் பாக்கி.

முதல் நன்றி, அலமாரியிலிருந்து பொம்மையை இறக்கி எங்களிடம் கொடுத்தவர்களுக்கு. பாட்டி காலத்துப் பொம்மையை வெளியே கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? ஒருவர் தினமும் காலையில் "இந்தப் பக்கம் வந்தேன்" என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். புரிந்தது, ஐயா.

பீங்கான் தலைப் பொம்மை கொண்டுவந்த அம்மாவுக்குத் தனி நன்றி. அது பெரிய விலை போகும் என்று அவர் வீட்டில் பேச்சு. எங்கள் சேகரிப்பாளர் நண்பர் பொம்மையின் முடியை மெல்லத் தூக்கிப் பிடரியைக் காட்டினார்: அர்மாண்ட் மார்சேய், ஜெர்மனி, 390. அதாவது பொம்மை செய்த நிறுவனம், நாடு, தலையை வார்த்த அச்சின் எண். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-இல் அமெரிக்கா சட்டம் போட்ட பிறகு இப்படி நாட்டின் பெயரோடு முத்திரை இடுவது பரவலானது. ஆனால் 390 அச்சில் வார்த்த தலைகள் ஏராளம், அரிய பொருள் இல்லை. அம்மா அசரவில்லை. "விற்கவா வைத்திருக்கிறேன்?" என்றார். பொம்மையின் கவுன் அவருடைய அம்மாவின் பழைய பள்ளிச் சட்டையில் வெட்டியது. கூடவே ஒரு புகைப்படம். அதில் நிற்கும் சிறுமியின் கழுத்துப்பட்டியிலும் அதே சின்னப் புள்ளிகள்.

பழுது பார்த்த அண்ணனிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். மரத்தூளையும் பசையையும் அச்சில் அழுத்திச் செய்த பொம்மையை ஈரத்துணியால் துடைக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். ஈரம் இறங்கினால் உப்பி, வண்ணம் உரிந்துவிடுமாம். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் பொம்மைகளைச் சூடான விளக்கிலிருந்து தள்ளி வைத்ததும் அவர்தான். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அது. கை கால் தொங்கிய பொம்மைகளுக்கு உள்ளே புது எலாஸ்டிக் மாட்டிக் கொடுத்துவிட்டு, டீக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அப்புறம் அந்தத் துணிப் பொம்மைகள். மூன்று வீடுகளிலிருந்து தனித்தனியாக வந்தவை. மூன்றுக்கும் கறுப்புப் பொத்தான் கண், இடப்பக்கம் கோணிய வாய். யாரும் கவனிக்கவில்லை. பார்க்க வந்த ஒரு பெரியவர்தான் சட்டென்று நின்றார். அவர்கள் தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி பழைய காலுறையில் பொம்மை தைத்துக் கொடுப்பாராம். அந்த அக்காவின் படம் எங்கும் இல்லை. இருப்பது இந்த மூன்று கோணல் வாய்கள்தான். "துணிப் பொம்மை, பழையது" என்று நாங்கள் எழுதியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, பெரியவர் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதிய மாணவிகளுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது!

சரி, ஒரு கடைசி விஷயம். மேசைக்கடியில் கட்டைவிரல் நீளத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. வெள்ளை, வார் அறுந்தது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பொம்மையின் காலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பாக