எந்த ஊருக்கு மழை, எத்தனை மணி வரை?

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் நாள்களில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ‘நீலகிரி மற்றும் கோவை மாவட்ட மலைப்பகுதிகளில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு’ என்று வருகிறது. நாளிதழ்த் தலைப்பில் அது ‘கோவையில் கனமழை எச்சரிக்கை’ என்று சுருங்கிவிடுகிறது. வால்பாறையும் சின்னக்கல்லாறும் கோவை மாவட்டம்தான். அன்னூரும் சூலூரும் அதே மாவட்டம்தான். மலைமேல் கொட்டித் தீர்க்கும் நாளில் கிழக்கே சமவெளியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் வீசி, வெறும் தூறலோடு போய்விடுவது வழக்கம். தலைப்பை நம்பிக் களத்தில் காயப்போட்ட தேங்காய்க் கொப்பரையை அள்ளி உள்ளே போட்டவருக்கு ஒரு நாள் வெயில் வீண். இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாவது எச்சரிக்கையை அவர் காதில் வாங்க மாட்டார். அது ஐப்பசியில் வரும் உண்மையான கனமழையாகவும் இருக்கலாம். அறிக்கையில் பிழையே இல்லாதபோதும் பழி வானிலை மையத்தின் மேல்தான் விழுகிறது.

அந்த அறிக்கையில் எந்தச் சொல்லும் சும்மா வருவதில்லை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அப்பகுதி மழைமானி நிலையங்களில் 25 சதவீதத்துக்குள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 சதவீதம். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதைத் தாண்டினால் அதி கனமழை. எச்சரிக்கையோடு வரும் நிறங்கள் மழை அளவை மட்டும் சொல்பவை அல்ல. மஞ்சள் என்றால் கவனித்து வாருங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள். ஆரஞ்சு நிறத்தைப் பரபரப்புக்காகச் சிவப்பு போலத் தலைப்பிடுவது மக்களை நேரடியாகத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறது.

நேரத்தில் வரும் கோளாறு இன்னும் பெரிது. மதியம் ஒரு மணி வாக்கில் வெளியான அறிக்கையை வைத்து எழுதிய செய்தி மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசகர் கைக்கு வருகிறது. ‘அடுத்த 24 மணி நேரத்தில்’ என்று அப்படியே அச்சாகியிருக்கும். அதில் 17 மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது. ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்களும் இப்படித்தான் ஒரு நாள் பிசகுகின்றன. தேதியையும் கிழமையையும் எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. மாலையில் முன்னறிவிப்பு மாறியிருக்கிறதா என்று கடைசிப் பதிப்புக்கு முன் ஒரு முறை பார்ப்பதும் அவசியம்.

பெய்த மழையின் கணக்கும் அப்படியே. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது மறுநாள் தேதியில் பதிவாகும். சென்னை மையம் பட்டியலைச் செ.மீ.யில் தரும்; 7 செ.மீ. என்பது 70 மி.மீ. அலகு மாறி அச்சானால் ஓடை உடைத்துக்கொண்டு ஓடிய மழை தூறலாகிவிடும்.

சித்திரை, வைகாசி இடிமழைக்கு அச்சுப் பத்திரிகையால் ஒன்றும் செய்ய முடியாது. பிற்பகலில் மேகம் கட்டி, பொழுது சாய்வதற்குள் சூறைக்காற்றோடு அடித்துவிட்டுப் போகும். இதற்கென வானிலைத் துறை தரும் உடனடி முன்னறிவிப்புக்கு ஆயுள் மூன்று மணி நேரம்தான். அதை உங்கள் இணையதளமும் வாட்ஸ்அப் சேனலும், பண்பலை வானொலிகளும்தான் கொண்டுசேர்க்க வேண்டும். அதைப் பகிரும் படத்தில் வெளியிட்ட நேரமும் காலாவதியாகும் நேரமும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலை நான்கு மணி எச்சரிக்கை இரவு பத்து மணிக்கும், அடுத்த வாரமும் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரத்தில் ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டலாம், வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சளைத் தார்ப்பாய் போட்டு மூடலாம், தோட்டத்தில் தனிமரத்தடியில் நிற்பவர்களை வீட்டுக்கு அழைக்கலாம். கோபி, சத்தியமங்கலம் பக்கம் தார் தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்க அந்த நேரம் போதாது. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே காற்று பற்றிய தகவல் வேண்டும். மழையைத் தலைப்பில் போடும் செய்திகள் காற்றின் வேகத்தைக் கடைசிப் பத்தியில்கூடச் சொல்லாமல் விடுவது வாழை விவசாயிக்குப் பெரிய இழப்பு.

நல்ல முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிடும் வானிலைச் செய்தியில் வெப்பம், காற்று, மழையோடு கோழிப்பண்ணையாளர் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே வருகிறது. பத்திரிகைகள் அதை முழுதாகப் போடுகின்றன, பண்ணைக்காரர்களும் அதைப் பார்த்து நடக்கிறார்கள். வேளாண் வானிலை ஆலோசனை அறிக்கை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது. புதன், சனி இதழ்களில் கொங்கு மாவட்டங்களுக்கான பகுதியை ஒரு பத்தி அகலத்துக்காவது வெளியிட வேண்டுகிறேன். பக்கத்திலேயே, முந்தைய அறிக்கை சொன்னது என்ன, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், வால்பாறை, பீளமேடு மழைமானிகளில் பதிவானது எவ்வளவு என்ற சின்னப் பெட்டிச்செய்தியும் வந்தால், எந்த எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்