ஆமா என்றால் அங்கே அம்மா

அன்புள்ள பாப்பா,

நீ நேபாளம் போகிற செய்தியைச் சித்தி போனில் சொன்னார். "பி.எட். முடிச்ச பொண்ணு, இங்க வேலை தேடாம அங்க போயி சும்மா சொல்லிக் குடுக்கப் போறாளாம்" என்றார். 2018-ல் நான் கிளம்பினபோது எங்கம்மா சொன்னதும் இதேதான், வார்த்தைகூட மாறவில்லை. நேரில் பேச உட்கார்ந்தால் பேச்சு உன் கல்யாணத்துக்குப் போய்விடும் என்பதால் எழுதுகிறேன். வேறு வீட்டுப் பிள்ளைகள் யாராவது கிளம்பினாலும் உதவட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். நமக்கு விசா தேவையில்லை. ஆனால் ஆதாரை நம்பிப் போகாதே, உன் வயதுக்கு அது செல்லாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். நான் கோரக்பூர் வரை ரயிலில் போய், சுனௌலியில் எல்லை தாண்டி, டும்ரே வழியாக லம்ஜுங் மாவட்டத்து பேசிசஹருக்குப் போனேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. காசு இருந்தால் விமானத்தில் போ. கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வை. நான் இருந்தபோது அங்கே ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு, சனிக்கிழமைதான் லீவு. வருஷமும் வேறு. நான் போனபோது அவர்களுக்கு 2075 நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவர்கள் வருஷம் பிறப்பதும் நம் சித்திரை பிறக்கிற சமயத்தில்தான், அதனால் மாதக் கணக்கு உனக்குக் குழம்பாது.

மொழிதான் முதலில் ஆளைக் கவிழ்க்கும். நேபாளியில் அண்ணனைத் 'தாய்' என்பார்கள், அம்மாவை 'ஆமா' என்பார்கள். நான் தங்கியிருந்தது குருங் என்கிற மலை இனத்தார் வீடு. எதற்கெடுத்தாலும் நான் "ஆமா, ஆமா" என்று தலையாட்ட, அந்த வீட்டம்மா ஒவ்வொரு தடவையும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்பார். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் அவருக்கு நான் மகளாகிவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றி நீ கவலையே படாதே. 'கோதோ' என்று ஒரு தானியம் சொன்னார்கள். ஆங்கிலத்தில் கோடோ மில்லட் என்றால் வரகு அல்லவா, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நான் போய் இறங்கிய வாரம் மலைச்சரிவில் மக்காச்சோளத்துக்கு நடுவே அதன் நாற்றை நட்டுக்கொண்டிருந்தார்கள், கடைசி நடவு. குனிந்து பார்த்தால் நம்ம கேழ்வரகு! அதன் மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, இரும்புச் சட்டியில் மரத்துடுப்பால் கிண்டுகிறார்கள். பெயர் டிண்டோ. நாம் நொய் போட்டு வேகவைத்துக் கிண்டுவோம், அவர்கள் நொய் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கு என்று எனக்குச் செய்து காட்டினார் ஆமா. பென்னாகரத்துக்காரிக்குக் களி விழுங்கச் சொல்லிக் கொடுத்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். தொட்டுக்கொள்ள குந்துருக். கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்து வைத்திருப்பார்கள். முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டேன், பத்தாம் நாள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

இந்த டிண்டோவால்தான் வகுப்பிலும் எனக்கு ஒரு வழி கிடைத்தது. 2015 பூகம்பத்துக்குப் பிறகு தகரம் அடித்துக் கட்டின வகுப்பறை. மழை பெய்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது. ஐந்தாம் வகுப்பு, பதினான்கு பிள்ளைகள். அங்கே காலைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பத்து மணிக்குப் பள்ளிக்கு வருவார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பதினான்கு பேரும் ஒரே குரலில், "ஐ ஏட் ரைஸ்." முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள். அவள் நகக்கண்ணில் காய்ந்துபோன பழுப்பு மாவு ஒட்டியிருந்தது. எனக்குத் தெரியாதா அந்த மாவு? டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்து, களி தெரியாமல் மறைத்துத் தின்றவள்தானே நான். அங்கேயும் அரிசிச் சோறு கௌரவம், டிண்டோ என்றால் ஏழைகள் சாப்பாடு. நலம் விசாரிக்கிறபோதே "சோறு சாப்பிட்டாச்சா" என்றுதான் கேட்பார்கள்.

நான் பலகையில் "ஐ ஏட் டிண்டோ" என்று எழுதினேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் வாக்கியங்கள் வந்து கொட்டின. குந்துருக் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, நம்ம செந்தட்டி மாதிரி தொட்டால் அரிக்கிற சிஸ்னு என்கிற கீரை வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் குருங் மொழி, பள்ளியில் நேபாளி, புத்தகத்தில் ஆங்கிலம். அதற்கு முன் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிப் பக்கம் இரண்டு வருஷம் வேலை பார்த்தேனே, அங்கே "நீள்ளு" என்று தண்ணீர் கேட்கிற தெலுங்குப் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருக்கும். அதே முகம்தான் லம்ஜுங்கிலும். தாய்மொழியில் படிக்கிற உரிமையை நேபாளத்தின் 2015 அரசியல் சாசனம் தருகிறது. வகுப்பறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இதுவரை சொன்னது பெருமை. இனி சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அந்த வகுப்புக்கு ஏற்கெனவே ஒரு மிஸ் இருந்தார். நான் போனதும் ஆங்கிலத்தை என்னிடம் விட்டுவிட்டு, வெளியே வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார். பாவம், ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன். பாட்டு, படம், விளையாட்டு என்று மூன்று மாதம் அமர்க்களம். கிளம்புகிற அன்றைக்கு, எங்கள் இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த இந்தியில் அவர் சொன்னார்: "நாளைக்கு இவங்க எங்கிட்ட அந்தப் பாட்டெல்லாம் கேப்பாங்க. எனக்குத் தெரியாதே."

எனக்கு நாக்கு எழவில்லை. நான் ஆறாவது படிக்கும்போது நம்ம ஊர்ப் பள்ளிக்கு ஒரு வெள்ளைக்கார அக்கா வந்து ஒரு மாதம் இருந்தார். தேவதை மாதிரி. அவர் போன பிறகு எங்கள் டீச்சர் பாடம் நடத்தினால் எங்களுக்குக் கொட்டாவி வந்தது. அக்காவுக்குக் கடிதம் எழுதி வாரக்கணக்கில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வரவே இல்லை. அத்தனையும் தெரிந்திருந்தும் நானும் அதையே செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதனால் பாப்பா, வகுப்பை உன் கைக்கு வாங்கிக்கொள்ளாதே. மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நில். அவர் நடத்தட்டும், நீ கடைசி பெஞ்சுக்குப் போய் வாய் திறக்காத பிள்ளையோடு உட்கார். பாட்டு இருந்தால் முதலில் அவருக்குச் சொல்லிக் கொடு, அவர் வாயால் பிள்ளைகளுக்குப் போகட்டும். உன்னை அதிகம் பேருக்கு ஞாபகம் இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. பணம் கட்டினால் அநாதை இல்லத்தில் பாடம் நடத்தலாம் என்று ஆசை காட்டுவார்கள். போகவே போகாதே. அங்கே இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, படிக்கவைக்கிறோம் என்று சொல்லி ஹும்லா மாதிரி மலை மாவட்டங்களிலிருந்து குழந்தைகளைக் காத்மாண்டுவுக்குக் கூட்டிவந்து, அவர்களைக் காட்டிக் காசு பார்த்தவர்கள் உண்டு. காசோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தால், காட்டுவதற்குப் பிள்ளைகளும் வேண்டியிருக்குமே.

நம்ம நவராத்திரி சமயத்தில் வருகிற தசைன் பண்டிகைக்குப் பள்ளி நீளமாக லீவு விடுவார்கள், அப்போது காத்மாண்டு சுற்றக் கிளம்பிவிடாதே, ஊரிலேயே இரு. இருட்டில் பார்லி முளைக்கவைத்து ஜமரா என்று மஞ்சளாக வளர்ப்பார்கள், நம்ம முளைப்பாரி மாதிரி. பெரியவர்கள் அதைத் தலையில் வைத்து, அரிசியும் தயிரும் சிவப்புப் பொடியும் பிசைந்து நெற்றி நிறைய அப்பிவிடுவார்கள். சில குருங் வீடுகளில் சிவப்பு சேர்க்காமல் வெள்ளையாகவே வைப்பார்கள். ஏன் என்று ஆமாவிடம் கேள், ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசுவார். நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நரக சதுர்த்தசியன்று அங்கே நாய்க்கு மாலை போட்டுப் பொட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டு நாய் மாலையைத் தின்றுவிட்டது.

ஆவணியில் போனால் அட்டை கடிக்கும். ஒரு சின்னத் துணியில் உப்பு கட்டிக் கையில் வைத்துக்கொள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு தருமபுரிக்கு வா. பாப்பிரெட்டிப்பட்டிப் புளி இரண்டு கிலோ, கொட்டை எடுத்து வைத்திருக்கிறேன். போன தடவை கொண்டுபோனதை ஆமா ஒரே மாதத்தில் தீர்த்துவிட்டார். குந்துருக்கில் அதைக் கரைத்து ஊற்றினதற்கு அந்த வீட்டு அப்பா நான்கு நாள் முகம் சுளித்தார், ஐந்தாம் நாள் அவரே கேட்டார். பையில் இடம் விட்டு வை.

உன் அக்கா